அப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்: பார்க்கின்சனும் மனச்சோர்வும்

நீங்கள் கேட்டது இது. அப்பாவுக்கு 68 வயது. ஊர் சேலம் பக்கம். நான்கு வருடமாகப் பார்க்கின்சன். மாத்திரையில் கை நடுக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் ஏழெட்டு மாதமாக யாரோடும் பேச்சில்லை, பேப்பரைத் தொடுவதில்லை, பேரன் வந்து நின்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது நோயின் போக்கா, மனச்சோர்வா? மனசுக்கு என்று தனியாக மாத்திரை கொடுத்தால் இப்போது சாப்பிடுகிற மாத்திரையோடு ஒத்துப்போகுமா? "மனசத் தைரியமா வெச்சுக்கோங்கப்பா" என்று சொன்னால் எரிந்து விழுகிறார்.

நான் மனநல மருத்துவன். பல வருடங்களாக வாரத்தில் ஒரு நாள் நரம்பியல் ஓபியில் உட்காருகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களையும், அவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிற மனைவி, மகள், மருமகள்களையும் அங்கேதான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அப்பா எரிந்து விழுவதில் நியாயம் இருக்கிறது. எழுந்து ஏதாவது செய்யலாம் என்ற உந்துதலைத் தருகிற பொருளே மூளையில் வற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், உந்துதலை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்கிறோம். அவரால் முடிந்திருந்தால் என்றைக்கோ செய்திருப்பார்.

பார்க்கின்சன் என்றால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவு, டோபமின் என்றால் கைகால் அசைவு என்றுதான் பெரும்பாலான வீடுகளில் புரிந்துவைத்திருக்கிறார்கள். டோபமின் அசைவுக்கு மட்டும் உரியதல்ல. காபி மணம் வந்தால் அடுப்படிப் பக்கம் திரும்புகிறோமே, பேரன் குரல் கேட்டால் வாசலுக்குப் போகிறோமே, அந்த ஆசையிலும் அதற்குப் பங்கு உண்டு. குறைவதும் டோபமின் மட்டுமல்ல. மூளைத் தண்டில் செரட்டோனின் சுரக்கிற செல்களும், நார்அட்ரினலின் சுரக்கிற செல்களும் இதே நோயில் அழிகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கோ பிராக் 2003-இல் முன்வைத்த விளக்கப்படி, பலருக்கு நோய் மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல் நோக்கிப் போகிறது. மனநிலையோடு தொடர்புடைய அந்தச் செல்களை முதலில் தொட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அசைவுக்கான டோபமின் செல்களுக்கு வருகிறது. கை நடுங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்துவிடுவது இதோடு பொருந்துகிறது. "ரிட்டயர் ஆனதிலிருந்தே அப்பா ஒரு மாதிரிதான் இருந்தாரு, நாங்கதான் கவனிக்கல" என்று மகள்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதனால் நோய் வந்துவிட்டதே என்ற கவலையில் மனசு உடைந்துபோனார் என்பது பாதிக் கதைதான். கவலையும் இருக்கும், இல்லாமல் எப்படி? ஆனால் மனச்சோர்வு இந்த நோயின் ஓர் உறுப்பு, கை நடுக்கம் போல, மலச்சிக்கல் போல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான கணக்கில், பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. 17 சதவீதம் பேருக்கு அது தீவிரமான மனச்சோர்வு நோயாகவே இருந்தது. அறிகுறிகள் உள்ளவர்களை எண்ணினால் மூன்று பேரில் ஒருவர். இத்தனை பேருக்கு வருவதை மனவலிமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவு பரவலாக இருந்தும் ஏன் கண்ணில் படாமல் போனது என்றால், இந்த நோயைப் பார்க்கப் பழகிய விதமே அப்படி. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது ஆறு பேரை வைத்துத்தான் எழுதினார். அதில் இரண்டு பேர் தெருவில் சந்தித்துப் பேசியவர்கள், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று அவர் எழுதிவைத்தார். நடையையும் நடுக்கத்தையும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம் மருத்துவர்கள் கையையும் காலையும் மட்டுமே பார்த்தார்கள். இன்றைக்கும் கூட்டம் நிறைந்த ஓபியில், "கைய நீட்டுங்க, விரலத் தட்டுங்க, நடந்து காட்டுங்க" என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லை.

முகமும் ஏமாற்றும். முகத் தசைகள் இறுகிப்போவதால் சிரிப்பு வெளியே வராது, இமைப்பது குறையும், குரல் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும். இதில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் மனச்சோர்வுதான் என்று முடிவு கட்டி மாத்திரை எழுதப் போனேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "நான் சந்தோஷமாத்தான் சார் இருக்கேன். மூஞ்சிதான் இப்படி ஆயிடுச்சு" என்றார். அதே வருடம் இன்னொரு அம்மா. எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்" என்பார். வீட்டாரும் "அம்மா அமைதியான சுபாவம் சார்" என்றார்கள். மூன்று மாதமாக அவர் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதுகொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து முகத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

நீங்களும் கேளுங்கள். மாத்திரை வேலை செய்கிற நல்ல நேரமாகப் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்பதில் தொடங்க வேண்டாம். தூக்கம் கெடுவதும், எடை குறைவதும், சோர்வும், எல்லாவற்றிலும் மெதுவாவதும் மனச்சோர்வே இல்லாத பார்க்கின்சனிலும் உண்டு. அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. "முன்னால பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதாப்பா?", "இனிமே நல்லது நடக்கும்னு தோணுதா?", "மனசு கனமா இருக்கா?" என்று கேளுங்கள். இந்த நோயில் வருகிற மனச்சோர்வு பெரும்பாலும் குற்ற உணர்ச்சியாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், படபடப்பு, எதிலும் நம்பிக்கையின்மை, எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் என்றுதான் அதிகம் தெரியும். உங்கள் அப்பாவின் கோபத்தையும் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற இன்னொன்று உண்டு: ஆர்வமின்மை. இதில் துக்கம் இருக்காது, அழுகை இருக்காது. தானாக எதையும் தொடங்கத் தோன்றாது, அவ்வளவுதான். "ஏன் பேப்பர் படிக்கல?" என்றால் "தோணல" என்பார். ஆனால் நீங்கள் பேப்பரை எடுத்து அவர் கையில் விரித்துக்கொடுத்தால் படிப்பார், ரசிக்கவும் செய்வார். மனச்சோர்வு உள்ளவர் விரித்துக்கொடுத்தாலும் மடித்து வைத்துவிடுவார். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரித்துப் பார்ப்பது எதற்கென்றால், வெறும் ஆர்வமின்மைக்கு மனச்சோர்வு மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. அதற்கு அன்றாட வேலைகளுக்கு நேரம் குறித்து, பக்கத்தில் ஒருவர் தொடங்கிக்கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் "வேணும்னே பண்றார்" என்று வேதனைப்படாமல் இருக்கலாம்.

அடுத்ததாக ஒரு நோட்டு வாங்குங்கள். இந்த வேலையை நான் எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறேன். ஏன் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் புரியும். 30 வருடத்துக்கு மேல் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். கடைசி சீட்டு வரை கேட்கிற குரல். அவருக்குத் தள்ளாடும் நடையும், கிசுகிசுப்பான குரலும், சில்லறை எண்ண வராத விரல்களும் வந்து சேர்ந்தன. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட நோட்டில் இப்படி எழுதிக்கொண்டு வந்தார்: "6.30 எழுந்திருக்க முடியல, அழுதார். 7 மாத்திரை. 8 தானே சட்டை போட்டார். 9.30 தம்பிகிட்ட போன் பேசினார். 11.30 செத்துட்டா தேவலை என்றார். 12 மாத்திரை. 1 சாப்பிட்டார், கிரிக்கெட் பார்த்தார்."

அந்தப் பக்கத்தை நரம்பியல் மருத்துவரும் நானும் சேர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு மாத்திரையின் வேகமும் அடங்குகிற நேரத்தில் மனசும் இறங்குகிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மாத்திரைதான் லெவோடோபா. அதன் வேகம் இறங்கும்போது கால் மட்டும் ஒட்டிக்கொள்வதில்லை. சிலருக்குப் பயம், வியர்வை, அழுகை, உலகமே இருண்டுவிட்ட உணர்வு எல்லாம் சேர்ந்து வரும். மாத்திரை ஏறியதும் போய்விடும். நரம்பியல் மருத்துவர் இடைவெளியைக் குறைத்து, வேளைகளைப் பிரித்துக்கொடுத்தார். சாப்பாட்டோடு சேர்த்து மாத்திரையை விழுங்கும் பழக்கத்தையும் மாற்றினார். பால், பருப்பு, முட்டை போன்ற புரதம் லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், அரை மணி நேரமாவது முன்னதாகப் போடுவது நல்லது. பதினொன்றரை மணி அழுகை பெருமளவு நின்றது. எல்லாமே அதில் சரியாகிவிடவில்லை. நல்ல நேரத்திலும் ஒரு கனம் மிச்சம் இருந்தது, அதற்குத் தனியாக வைத்தியம் தேவைப்பட்டது. ஆனால் அந்த நோட்டு இல்லையென்றால் எது எதனால் என்று எங்களுக்குப் பிடிபட்டிருக்காது.

மனச்சோர்வு என்று முடிவு செய்யும் முன் ரத்தத்தில் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம் பார்த்துவிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் தவறு நடக்கிறது. தலைசுற்றலுக்கு என்று மருந்துக்கடையில் வாங்குகிற சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு ஆகிய நான்கும் மூளையில் டோபமினைத் தடுத்துப் பார்க்கின்சனை மோசமாக்கும். ஃபுளுனாரிசின் மனச்சோர்வையே கொண்டுவரக்கூடியது. "டென்ஷனுக்கு" என்று எழுதப்படுகிற சில கூட்டு மாத்திரைகளில் ஃபுளுபென்டிக்சால் இருக்கும். அதுவும் டோபமினைத் தடுப்பதுதான். யாராவது சொல்லிப் பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிப்போகும்.

இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. டோபமினைப் போலவே வேலை செய்கிற பிராமிபெக்சால், ரோபினிரோல் வகை பார்க்கின்சன் மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைக் கொடுக்கும். செல்போனில் ரம்மி ஆடிப் பணத்தை விடுவார்கள், தேவையில்லாததை வாங்கிக் குவிப்பார்கள். அது தெரிந்ததும் வீட்டார் பயந்துபோய் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவார்கள். நிறுத்திய சில நாட்களில் கடுமையான பதற்றமும் சோர்வும் வந்து சேரும். குறைக்க வேண்டும்தான், ஆனால் படிப்படியாக, டாக்டர் சொல்லித்தான். லெவோடோபாவை யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மனசுக்கான மாத்திரை பார்க்கின்சன் மாத்திரையோடு ஒத்துப்போகும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பார்க்கின்சனும் மனச்சோர்வும் உள்ள 115 பேருக்கு 12 வாரம் பராக்செட்டின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன, நடையும் அசைவும் மோசமாகவில்லை. நடைமுறையில் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்குவோம். தூக்கமும் பசியும் குறைந்தவருக்கு மிர்டசபின் யோசிப்போம். பிராமிபெக்சாலுக்கே மனநிலையைத் தூக்கும் குணம் உண்டு என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இந்த உந்துதல் தொல்லை இல்லாதவருக்கு அதுவும் ஒரு வழி. நார்ட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் பலன் தரும், ஆனால் மலச்சிக்கலைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும், மறதியைத் தரும். ஏற்கெனவே நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் சாப்பிடுகிற முதியவருக்கு அதையும் சேர்ப்பதற்கு எனக்குக் கை வராது.

ஒரு எச்சரிக்கை. அப்பா பார்க்கின்சனுக்கு ரசாஜிலின் அல்லது செலஜிலின் சாப்பிடுகிறார் என்றால் மனநல மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையோடு சேரும்போது காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஒரு சிக்கல் அபூர்வமாக வரலாம். மனச்சோர்வு மாத்திரைகளில் ஃபுளூவாக்செட்டினைத் தவிர்த்து வேறொன்றைத் தேர்வு செய்து, அளவைக் கவனமாக வைத்துப் பலருக்குக் கொடுக்கிறோம். டிரமடால் வலி மாத்திரையும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் கலந்த இருமல் சிரப்பும் அவர்களுக்கு ஆகாது. மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையானாலும் மனசில் மாற்றம் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "பலனே இல்ல" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

மாத்திரையோடு நிற்கக் கூடாது. 2011-இல் நியூ ஜெர்சியில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரப் பேச்சு சிகிச்சை நல்ல பலனைக் கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்தது, கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் தனியாகச் சில அமர்வுகள் வைத்து, வீட்டில் எப்படி உதவுவது என்று சொல்லிக்கொடுத்ததுதான். நம் ஊரில் அப்படிப் பத்து வாரம் உட்காரக் கிடைப்பது அரிது. ஆனால் அதன் சாரத்தை வீட்டில் செய்யலாம். அந்தக் கண்டக்டர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். "கிளாஸத் தூக்குனா சட்டையில கொட்டுது சார். நாலு பேரு பாக்குறான். எதுக்குப் போவணும்?" அவர் போய்க்கொண்டிருந்தது காலை ஆறரைக்கு. மாத்திரையே போடாத நேரம். எட்டரைக்குப் போகச் சொன்னோம். பழைய டிரைவர் ஒருவர் கூட வர ஒப்புக்கொண்டார். டீ மாஸ்டரிடம் அந்த டிரைவரே, "அண்ணனுக்குப் பெரிய டம்ளர்ல அரை டீ ஊத்துப்பா" என்று சொல்லி வைத்தார். பெரிய டம்ளரில் அரை டீ தளும்பாது. முதல் வாரம் இரண்டு நாள் போனார், மூன்றாவது வாரம் தினமும். அடுத்த முறை ஓபிக்கு வந்தபோது நான் கேட்காமலே, டீக்கடையில் யாருக்கு என்ன கட்சி என்று எனக்கு விளக்கினார். குரல் சன்னமாகத்தான் இருந்தது. குரல் பயிற்சிக்கு அனுப்பினோம்.

உடற்பயிற்சியை நான் மருந்துச் சீட்டிலேயே எழுதுகிறேன். வாரத்தில் பெரும்பாலான நாட்கள், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடை. நடையும் நிமிரும், மனசும் நிமிரும். விழுந்துவிடும் பயம் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எதற்கும் அசையாத கடுமையான மனச்சோர்வு என்றால் மின் அதிர்வு சிகிச்சை இருக்கிறது. ஷாக் என்றதும் பயப்படுகிறார்கள். மயக்கம் கொடுத்துச் செய்கிற சிகிச்சை அது. மனச்சோர்வோடு உடல் இறுக்கமும் சில காலம் தளர்வதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

அப்பா சாவைப் பற்றிப் பேசினால், கேட்காதது போல எழுந்து போகாதீர்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை, பெரும்பாலும் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல்தான் வருகிறது. ஆம் என்றால் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அப்பாவைப் படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பதும், பட்டன் போட்டுவிடுவதும் அவர்தான் என்று நினைக்கிறேன். பார்க்கின்சன் வீடுகளில் இரண்டாவது மனச்சோர்வு அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான் வருகிறது. வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் அப்பாவோடு இருந்துகொண்டு, அம்மாவைக் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ அனுப்புங்கள். அப்பாவிடம் கேட்ட அதே கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.

கடைசியாக, பேரன். இந்த நோயில் எண்ணம் மனசில் எழுந்து வாய்க்கு வரவே நேரமாகும். பிள்ளைகள் "தாத்தா" என்று கூப்பிட்டுவிட்டு இரண்டு நொடியில் ஓடிவிடுவார்கள். தாத்தா திரும்பும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காலை மாத்திரை ஏறின பிறகு பேரனை அவர் எதிரே உட்காரவைத்து, கூப்பிட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று அந்த நோட்டில் எழுதி, அடுத்த ஓபிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.